மூன்றாம் வார்டுக்கு இளமஞ்சள்

வண்ணப்பிரியர் என்றொரு இனம் உண்டு. எந்த அலுவலகத்திலும் ஒருவராவது அகப்படுவார். பத்து எண்களைக் கொடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். எண்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், சட்டைத்துணி எடுக்க வந்தவரைப்போல நிறப் பட்டியலைத்தான் முதலில் விரிப்பார்.

இந்த ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரக்காரரையே எடுத்துக்கொள்ளுங்களேன். சக ஊழியர்கள் வைத்த பெயர் வானவில். அதைப் பாராட்டென்றே நம்பி வாழ்கிறார், பாவம். எந்த வார்டில் எத்தனை நோயாளிகள் வழுக்கி விழுந்தார்கள் என்று மாதாமாதம் கோடு போட்டுக் காட்டுவது அவர் வேலை. எட்டு வார்டு, எட்டுக் கோடு, எட்டு நிறம். தலைப்புக்கு ஒன்பதாவது, ஓரத்துக்குப் பத்தாவது, மேலே அழகுக்குக் கொஞ்சம் மேகம். இந்த மும்முரத்தில் மனிதருக்கு மதியச் சாப்பாடே மறந்துபோயிற்று.

மூன்றாம் வார்டு நர்ஸம்மா அந்தப் படத்தைத்தான் மலைபோல் நம்பியிருந்தார். இரண்டே மாதத்தில் அங்கே விழுந்தவர்கள் மூன்று மடங்கு. கூடுதலாக இரண்டு நர்ஸ் கிடைக்காவிட்டால் இன்னும் யார் யார் இடுப்பு உடையுமோ? மாதக் கூட்டத்துக்கு முந்தின நாளே வானவில்லிடம் வந்து கெஞ்சினார்.

"சார், எங்க வார்டு மட்டும் பளிச்சுனு தெரியட்டும். மத்ததெல்லாம் சாம்பல் நிறத்துல இருந்தா போதும்."

"அதெப்படிம்மா? மத்த வார்டெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் கூட்டத்தில் படம் திரையில் விழுந்தது. வானவில் நெஞ்சை நிமிர்த்தினார். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மூணாம் வார்டு எங்கேய்யா?"

"இளமஞ்சள் சார். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு..."

வெள்ளைத் திரையில் இளமஞ்சள்! எங்கே தெரியும்? கண்ணில் பட்டதெல்லாம் ஏழாம் வார்டின் அடர்பச்சைதான். அது பாட்டுக்குத் தரையோடு படுத்துக் கிடந்தது. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று பெரிய டாக்டர் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார்.

நர்ஸம்மா எழுந்து வந்தார். கையிலிருந்த அந்தப் படத்தின் அச்சுத்தாளை மேஜையில் போட்டார். சட்டைப்பையில் இருந்த கறுப்புப் பேனாவை எடுத்து அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே அழுத்தி இழுத்தார். கோடு ஏறியது, ஏறியது, மேகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. பெரிய டாக்டர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் போதுமாம்மா?" என்றார்.

வானவில் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நன்றாகத் திருந்தினார். அடுத்த மாதம் எட்டுக் கோடும் கறுப்பு.

"கறுப்புதான் சார் நல்லா எடுபடுது."

சிரிக்காதீர்கள். பரீட்சைக்குப் படிக்கும்போது முக்கியமான வரிக்கு மட்டும் மஞ்சள் அடிப்பதாக ஆரம்பித்துப் பக்கம் முழுவதையும் மஞ்சளாக்கியவர் யார்? அந்தப் புத்தகம் இன்னும் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. இறக்கிப் பாருங்கள்.