ஏலக்காய் மணத்த ரத்தம்

நான் ஒரு கோழை. இந்த வயதில் இதை ஒப்புக்கொள்வது வீரமாகாது. வீரம் தேவைப்பட்டபோது எனக்கு இருபத்து நான்கு வயது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் வேலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றுவது எங்களுக்கே புதுசு. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசி ரத்தம் கொடுக்கச் சம்மதிக்க வைப்பது என் வேலை. பிரமாதமாகப் பேசுவேன். (கேட்டவர்களில் பாதிப் பேர் ஓட்டமெடுத்துப் பள்ளிகொண்டா ஊரைத் தாண்டித்தான் மூச்சு விட்டிருப்பார்கள்.)

ஒரு நாள் காலை ஒடுகத்தூரிலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போய் வெளுத்துக் கிடந்தாள். புருஷன் மாணிக்கத்துக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை.

"குடுத்தா மறுபடி ஊறுமா சார்?" என்றான்.

"கெணறு மாதிரி ஊறும்யா! இன்னா பயம்?"

விரலை நீட்டினான். அவள் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரில் அவன் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தட்டில் கலந்தேன். திரிந்துவிட்டது. திரிந்தால் சேராது என்று அர்த்தம்.

"அப்ப உங்க கெணத்துல பாருங்க சார்" என்றான் மாணிக்கம். கிண்டல் இல்லை. கும்பிட்டபடிதான் கேட்டான்.

டாக்டரம்மாவும், "சீக்கிரம் பாருங்க" என்றார்.

மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஊசியை எடுத்தேன். விரலைப் பார்த்தேன். ஊசியை வைத்துவிட்டேன். அலமாரியில் ஏலக்காய் டிங்சர் இருந்தது (அஜீரணத்துக்குக் கொடுப்போம், நல்ல சிவப்பு). என் ரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு சொட்டு விட்டதும் தட்டில் இருந்த அவள் ரத்த நீர் கச்சிதமாகத் திரிந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"சேரல டாக்டரம்மா."

தட்டை வாங்கிய நர்ஸ் எஸ்தர் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"கம்பவுண்டர் சார் ரத்தத்துல ஏலக்கா வாசனை ஜாஸ்தியா இருக்கு டாக்டரம்மா. பாயசத்துக்கு ஆகும், இந்தம்மாவுக்கு ஆகாது."

யாரும் சிரிக்கவில்லை. அவளே தன் விரலைக் குத்திப் பார்த்தாள். சேர்ந்தது. படுத்துக் கையை நீட்டினாள். முதல் சொட்டைப் பார்த்து மயங்கி விழுந்தது நான். எனக்கு விசிறியவன் மாணிக்கம்.

அந்தப் பெண் சாயங்காலம் கண் திறந்து குழந்தையைக் கேட்டாள். கேட்காமல் போயிருந்தால் இதையெல்லாம் எழுத எனக்குக் கை வந்திருக்காது.

எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்டுக்கொண்டே இருந்தேன், இரண்டாம் வருஷம் அது கல்யாணத்தில் முடிந்தது. பின்னாளில் ஏழு முறை ரத்தம் கொடுத்தேன். அதை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

எஸ்தர் இப்போது இல்லை. ஆனால் வீட்டில் பாயசம் வைத்தால் பேரன் டம்ளரை நீட்டுகிறான்:

"தாத்தா ரத்தம் இன்னொரு கரண்டி ஊத்தும்மா!"