சுனைத் தீர்த்தமும் உப்புக் கடலையும்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க ஒரு வாரமாக ஒரே பேச்சு. கைலாசச் சுனையிலிருந்து ஒரு சாமியார் தீர்த்தம் கொண்டுவந்திருக்கிறாராம். பாவிக்குப் புளிக்குமாம். புண்ணியவானுக்கு இதமாக இறங்குமாம். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார்கள், காஜாங்கிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். பாவம் செய்தபோது இல்லாத கவலை, அதை அளந்து பார்க்க மட்டும் வந்துவிட்டது.

அய்யாவு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள். ரயில்வே துரை பங்களாவில் இருபது வருஷமாகச் சமையல். ஆனால் மகள் மாரியாயிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பா சபாபதி விடவில்லை. "பொண்ணுக்குத் தீர்த்தம் இதமா இறங்குனாத்தான் தாம்பூலம்" என்றுவிட்டார்.

சாமியார் பின்னால் பட்டுத் திரை, முன்னால் செப்புக் குடம், இரண்டு தட்டு. புதிதாக வந்தவர்களுக்குக் கற்கண்டு. பரிகாரம் செய்தவர்களுக்கு உப்புக் கடலை. முதலில் பிரசாதம், பிறகு தீர்த்தம்.

மாரியாயி கற்கண்டை மென்றாள். தீர்த்தத்தைக் குடித்தாள். முகம் கோணியது.

"புளிக்குதா தாயி?"

"புளிக்குது சாமி."

கூட்டம் உச்சுக் கொட்டியது.

"பூர்வ ஜென்மப் பாவம். வளையலைக் கழட்டி வை. பரிகாரம் பண்ணிடலாம்."

"கழட்டும்மா" என்றார் சபாபதி. "எனக்கும் மொதல்ல புளிச்சது. மோதிரத்தைக் குடுத்தேன், சர்ருனு இறங்குச்சு."

அய்யாவு கையை நீட்டி ஒரு மடக்கு வாங்கினார். மூக்கருகே கொண்டு போனதுமே தெரிந்துவிட்டது. துரை குடிக்கிற வெள்ளை ஒயின். துளி இனிப்பு கிடையாது. ஒருநாள் தெரியாத்தனமாகப் புட்டிங்கோடு ஊற்றிவைக்க, துரை துப்பிவிட்டு, "மீனோடு கொடு, இனிப்போடு கொடுக்காதே" என்று கத்தினார். துரை சொன்னால் மட்டும் அய்யாவு நம்பிவிடுவாரா? மிச்சத்தைக் குசினியில் மீனோடும் இனிப்போடும் குடித்துப் பார்த்தார். துரை சொன்னது சரிதான்: இனிப்புக்குப் பின் புளித்தது, உப்பு மீனுக்குப் பின் இதமாக இறங்கியது.

"சம்பந்தி, உங்க பாவந்தான் போயிடுச்சே. இந்தக் கற்கண்டைத் தின்னுட்டு ஒரு மடக்கு குடிங்க."

சாமியார் பதறினார். "பரிகாரம் பண்ணவங்க கற்கண்டைத் தொடக் கூடாது."

"ஏன், கற்கண்டுக்குத் தீட்டா?"

சபாபதிக்கு ரோஷம். கடக்கென்று கடித்தார், குடித்தார். முகம் பிழிந்த எலுமிச்சைத் தோலாய்ச் சுருங்கியது.

"என்னலா சம்பந்தி, மோதிரம் குடுத்து அனுப்புன பாவம் அதுக்குள்ள திரும்பி வந்துருச்சா?"

மாரியாயி வாயைக் கொப்பளித்தாள். யாரையும் கேட்காமல் கடலையை அள்ளி மென்றாள், குடித்தாள். "இப்ப அவ்வளவா புளிக்கலப்பா."

கூட்டத்தில் ஒருவன் பட்டுத் திரையை விலக்கினான். பின்னால் வரிசையாகச் சீமைப் பாட்டில்கள். கள்ளுக்கடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெரிய மனுஷர்கள், ஒரு வாரமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தது இதைத்தான். கூட்டம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் சாமியார் கொல்லைக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார். ஞானதிருஷ்டி அதற்காவது உதவியது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சபாபதி வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி சம்பந்தி, தாம்பூலத்தை மாத்திக்குவோம்லா."

"மாமா," என்றாள் மாரியாயி, "நாளைக்கு இன்னொரு சாமி வந்து வேற எதையாவது நீட்டுனா, அதையும் நான் குடிக்கணுமா?"

சபாபதி மோதிரம் இல்லாத விரலைத் தடவினார்.

"யோசிச்சுட்டுச் சொல்லியனுப்புங்க. அதுவரைக்கும் தாம்பூலம் இல்ல" என்று அய்யாவு மகளோடு நடந்தார்.

சபாபதி நின்ற இடத்திலேயே நின்று யோசித்தார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை. வேர்த்துக் கொட்டியது. நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். அதற்கு எந்தச் சாமியாரும் தட்சிணை கேட்க மாட்டான்.