நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ராஸ்பெர்ரி சர்பத்

"டிராம்ல வர்றப்ப ரெண்டு பேரும் 'நீங்க, நீங்க'ன்னு பேசிக்கிறாங்க. தோட்டத்துக்குள்ள கால் வச்சதும் 'நீ, உனக்கு'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல என்ன நடந்துச்சு, பர்னபாஷ்?"

பதிப்பாசிரியர் எதெல்கா சிவப்புப் பென்சிலை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மேல் நட்டு வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல மேடம். கதவைத் திறந்தாங்க, உள்ள போனாங்க."

"ஒண்ணும் நடக்கலேன்னா அந்த ஆளுக்கு மரியாதை தெரியலன்னு அர்த்தம். ஏதாவது நடந்திருந்தா, அந்தப் பக்கம் எங்க?"

பர்னபாஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். செகெட் நகரத்தில் ஆங்கில நாவல்களை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'கெட்' என்ற ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு அறுபத்தொரு ஹங்கேரியச் சொற்களைத் தனி நோட்டில் எழுதி வைத்திருப்பவர். ஒரு நாவலில் 'சிஸ்டர்' என்று வந்ததற்கு அக்காவா தங்கையா என்று ஆசிரியருக்கே கடிதம் போட்டுக் கேட்டவர். 'அதெல்லாம் முக்கியமா?' என்று பதில் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் அறுபத்தொரு அர்த்தமுள்ள சொல்கூட அவரை இப்படிப் படுத்தியதில்லை. 'யூ' என்று ஒரு சொல். வீட்டு நாய்க்கும் அதுதான், நாட்டின் ராணிக்கும் அதுதான். கதாநாயகன் வில்ஃபிரட் நாற்பதாம் பக்கத்தில் ஹெஸ்டரை முதன்முதலாகப் பார்க்கிறபோதும் 'யூ', இருநூறாம் பக்கத்தில் அவளோடு கட்டிப் புரண்டு சண்டை போடுகிறபோதும் 'யூ'. ஹங்கேரியில் இது நடக்காது. நாற்பதில் 'நீங்க', இருநூறில் 'நீ'. நடுவில் எங்கேயோ ஓரிடத்தில் இறங்கியாக வேண்டும்.

அப்படி இறங்குவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. பெண்தான், அல்லது வயதில் மூத்தவர்தான், முதலில் 'இனிமேல் நீ என்று கூப்பிட்டுக்கொள்ளலாமா?' என்று கேட்க வேண்டும். பிறகு ஆளுக்கொரு கோப்பை மது. கையோடு கை கோத்துக் குடித்துவிட்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்து, அவரவர் பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க 'நீ'தான். அது நடக்காதவரை நூறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தாலும் 'நீங்க'தான்.

பர்னபாஷும் எதெல்காவும் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாயிற்று. இன்னும் 'நீங்க'தான். எதெல்கா பெண், எட்டு வயது மூத்தவரும்கூட. அவர்தான் கேட்க வேண்டும். அவர் கேட்டதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அலுவலகத்தில் மது பாட்டிலைத் திறக்கும்போது பர்னபாஷ் தலையை லேசாக வாரிக்கொண்டு பக்கத்தில் போய் நிற்பார். "நல்லா இருங்க பர்னபாஷ்" என்று சொல்லிவிட்டு எதெல்கா தனியாகக் குடித்துவிடுவார்.

"பக்கம் எங்கன்னு கேட்டேன்" என்றார் எதெல்கா.

'மூலத்தில் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். எதெல்காவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது, நம்பியிருப்பார். ஆனால் அந்தப் பென்சில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டைப் அடிக்கறப்ப ஒரு பக்கம் விட்டுப்போச்சு மேடம். திங்கக்கிழமை கொண்டாந்துடுறேன்."

தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. படியிறங்கும்போதே காது சூடாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து இல்லாத பக்கத்தை எழுதினார். முதல் முட்டுக்கட்டை மூன்றாவது வரியிலேயே வந்தது. வில்ஃபிரட் மதுவைத் தொடாதவன். முதல் அத்தியாயத்திலேயே சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவன். மது இல்லாமல் கோப்பை ஏது? யோசித்து யோசித்து, ஹெஸ்டர் கையால் சோடா கலந்த ராஸ்பெர்ரி சர்பத்தைக் கொடுக்க வைத்தார். மாலை வெயில் கோப்பைக்குள் விழுந்தது. அவள் கேட்டாள். அவன் கை நடுங்கியது. இரண்டு கைகளும் கோத்துக்கொண்டன. எழுதி முடித்தபோது பர்னபாஷின் கண் ஈரமாக இருந்தது. தனக்கு யாரும் நீட்டாத கோப்பையைத்தான் எழுதியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை எதெல்கா அந்தப் பக்கத்தைப் படித்தார். மூக்கைச் சிந்தினார். மறுபடி படித்தார்.

"பர்னபாஷ், புஸ்தகத்துலயே இதான் நல்ல இடம். இதைப் போயா விட்டீங்க?"

"மன்னிச்சுக்கங்க மேடம்."

"ஒரே ஒரு சந்தேகம். அவங்க தோட்டத்துல ராஸ்பெர்ரி எங்க இருந்து வந்துச்சு? ரெண்டாம் அத்தியாயத்துல வெறும் ரோஜாதானே?"

"அதுவும்... விட்டுப்போயிருக்கும்."

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு ராஸ்பெர்ரிப் புதரை நட்டார். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஹெஸ்டரின் அத்தை வந்து தோட்டத்தைச் செடி செடியாக வர்ணிக்கிறாள், அதில் ராஸ்பெர்ரி இல்லை. அதனால் அத்தைக்குக் கிட்டப்பார்வையைக் கொடுத்தார். பதினான்காம் அத்தியாயத்தில் அதே அத்தை தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவனை அடையாளம் கண்டுபிடிக்கிறாள், கதையே அதில்தான் திரும்புகிறது. அதனால் அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி போட்டவள் பதினேழாம் அத்தியாயத்தில் ஏரியில் குதிக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிக் கரையில் வைக்க ஒரு வரி எழுதினார். கரையில் வைத்த கண்ணாடியைத் திரும்ப எடுக்க இன்னொரு வரி.

அச்சுக்குப் போன அன்று எதெல்கா அட்டையைக் காட்டினார். இரண்டு கோப்பைகள், சிவப்புச் சர்பத், கோத்த கைகள்.

"நம்ம காட்சிதான்!" என்றார்.

பர்னபாஷ் "அருமை மேடம்" என்று சொல்லிவிட்டு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. மருந்துக்கடைக்காரி, பல் டாக்டர், தபால்காரர் எல்லாரும் பர்னபாஷை மடக்கி அந்தக் காட்சியைப் பற்றிப் பேசினார்கள். யாரும் கெட்டிக்கார அத்தையைப் பற்றிப் பேசவில்லை, ஏரியைப் பற்றிப் பேசவில்லை. புகழ்ந்த ஒவ்வொருவரிடமும் "எல்லாம் ஆசிரியரோட திறமை" என்றார். அதைச் சொல்கிறபோதெல்லாம் ஒரு திருடனைப்போல உணர்ந்தார்.

அடுத்த ஜூன் மாதம், புத்தக வாரத்துக்கு, ஆசிரியரே வந்து இறங்கினார்.

எட்வின் தார்ன்லி உயரமான, களைத்த மனிதர். பர்னபாஷ்தான் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும், பர்னபாஷ்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் அவ்வளவு ஆங்கிலம் வராது. தார்ன்லி பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அட்டையையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிளாஸ்ல என்ன இருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சும்மா... நிறம் சார். ஓவியர் விருப்பம்."

"ஒயினா?"

"சேச்சே! வெறும் நிறம்."

தார்ன்லி ஒரு பெருமூச்சு விட்டார். "வில்ஃபிரட் எங்கப்பாதான், தெரியுமா? ஒரு சொட்டு தொட்டதில்ல. சாகற அன்னைக்குக்கூட இருமல் மருந்துல சாராயம் இருக்குன்னு துப்பிட்டாரு."

பர்னபாஷ் ஒரு கதாபாத்திரத்தோடு விளையாடியதாக நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால் இன்னொருவரின் அப்பா.

மதியம் மீன் சூப். மேஜையில் வழக்கமான ஒயினைக் காணோம். எதெல்கா தன் கையாலேயே விருந்தாளிக்கு ராஸ்பெர்ரி சர்பத்தை ஊற்றி, கண்ணடித்தார்.

"ஏன் இதைக் கொடுக்கறாங்க?" என்றார் தார்ன்லி. "ஓட்டல்லயும் இதையேதான் கொடுத்தாங்க."

"ஜூன் மாசம் இங்க எல்லாரும் இதான் குடிப்பாங்க."

"அட்டையில இருக்கறது இதானா?"

"சார், சூப் ஆறிடும்."

தார்ன்லி மறுபடி பெருமூச்சு விட்டார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று பர்னபாஷுக்கு உறுதியாகத் தோன்றியது.

எழுந்திருக்கும்போது எதெல்கா பர்னபாஷின் முழங்கையைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"பர்னபாஷ், ஒண்ணு சொல்லணும். அந்தப் பக்கத்தைப் படிச்சதுல இருந்து எனக்கே வெக்கமா இருக்கு. இருபத்திரண்டு வருஷம்! நான்தானே கேட்டிருக்கணும்? எனக்குக் கேக்கத் தெரியல. நீங்க சிரிச்சுடுவீங்களோன்னு பயம்."

பர்னபாஷ் தலையை லேசாக வாரிக்கொண்டார்.

"இன்னைக்கு மேடையில ரெண்டு கிளாஸ் வச்சிருக்கேன். அவர் வாயால அந்தக் காட்சியைப் படிக்கட்டும். முடிஞ்சதும் நாம குடிப்போம்."

"எந்தக் காட்சியை மேடம்?"

"என்ன கேள்வி? நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். மூலத்துல. எனக்குப் புரியாட்டாலும் காதுல விழணும்."

இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்த கோப்பை, இல்லாத பக்கத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கோப்பை போய்விடும். சொல்லாவிட்டால், பொய்யைக் குடித்து 'நீ' என்று கூப்பிட வேண்டும். அவருக்கு ஓடிப்போகத் தோன்றியது. ஆனால் மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை.

டுகோனிச் சதுக்கத்தில் கூடாரம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு பாட்டில், இரண்டு கோப்பைகள். முதலில் எழுந்தது மருந்துக்கடைக்காரி.

"அந்தச் சர்பத் காட்சி உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

பர்னபாஷ் தார்ன்லி பக்கம் திரும்பினார். "எந்த நேரத்துல எழுதுவீங்கன்னு கேக்கறாங்க சார்."

"காலையில. ரெண்டு முட்டை சாப்பிட்டப்பறம்."

"சொந்த வாழ்க்கையில நடந்ததாம்" என்று பர்னபாஷ் கூட்டத்துக்குச் சொன்னார்.

கூட்டம் ஆவென்று மூச்சை இழுத்தது. பல் டாக்டர் எழுந்தார். "யாரு அந்தப் பொண்ணு?"

"முட்டையை எப்படிச் சாப்பிடுவீங்கன்னு கேக்கறாரு."

தார்ன்லி விழித்தார். "அவிச்சுத்தான். அதுல அவருக்கு என்ன?"

"பேரைச் சொல்ல விரும்பலையாம்."

கைதட்டல் கூடாரத்தைப் பிளந்தது. தார்ன்லி கூட்டத்தையும் பர்னபாஷையும் மாறி மாறிப் பார்த்தார். அவிச்ச முட்டைக்கு இவ்வளவு கைதட்டல் அவர் எந்த ஊரிலும் வாங்கியதில்லை. முன்வரிசையில் தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது எதெல்கா எழுந்து மேடைக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். உதட்டுச்சாயம்கூட லேசாக இருந்தது. பாட்டிலைத் திறந்து இரண்டு கோப்பைகளிலும் ஊற்றினார். சோடாவைப் பீய்ச்சினார். பிறகு ஆங்கிலப் பிரதியை, ரயிலில் தார்ன்லி கொண்டுவந்ததை, அவர் முன்னால் விரித்து வைத்தார்.

"பர்னபாஷ், அந்த இடத்தைப் படிக்கச் சொல்லுங்க."

முன்னூறு பேர் காத்திருந்தார்கள். எதெல்கா கோப்பையைக் கையில் எடுத்துவிட்டார். கை லேசாக நடுங்கியது, பர்னபாஷ் எழுதியதைப் போலவே.

பர்னபாஷுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தார்ன்லியின் காதருகே குனிந்தார்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. அவங்க கேக்கற பக்கம் உங்க புஸ்தகத்துல இல்ல. நான் எழுதுனேன். உங்க ஊருல எல்லாருக்கும் ஒரே 'யூ'தான். எங்க ஊருல ஒரு கோப்பை குடிக்காம ஒரு ஆம்பளையும் பொம்பளையும் நெருங்க முடியாது. அதனால உங்கப்பாவையும் ஹெஸ்டரையும் குடிக்க வச்சுட்டேன். அத்தைக்குக் கண்ணாடிகூட நான்தான் போட்டேன். நான் ஒரு மோசடிக்காரன். நீங்க இங்கயே, இப்பவே எழுந்து சொல்லிடுங்க. நானே மொழிபெயர்த்துடறேன்."

தார்ன்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்தார்.

"எத்தனாவது பக்கம்?"

"நூத்திப் பன்னிரண்டு."

"கோப்பையில நிஜமாவே சர்பத்தா?"

"சத்தியமா சார். சோடா கலந்தது."

தார்ன்லி மேஜையிலிருந்த இன்னொரு கோப்பையை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பர்னபாஷின் கையில் அதைத் திணித்துவிட்டு, புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திருப்பிப் படிக்கத் தயாரானார். அதற்கு முன் அவர் காதோடு சொன்னார்:

"ஜெர்மன் மொழிபெயர்ப்புல நூத்தி நாலாம் பக்கம், பீர், போலந்துல நூத்தி இருபது, வோட்கா, செக் நாட்டுல பேரே வாயில நுழையாத ஏதோ மூலிகைச் சாராயம், அதுவும் மூணு ரவுண்டு. இத்தனை நாட்டுல எங்கப்பா நிதானமா வீட்டுக்கு நடந்து போனது உங்க நாட்டுல மட்டும்தான்யா."