பங்கண்ணை வாங்கி வந்த ஒற்றை இனிப்பு

மொன்றியல் நகரத்தில் ஒரு கேக்கை நீதியாக வெட்டத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். எந்தப் பேக்கரி முதலாளிக்கு முன்னாலும் இதைச் சொல்ல நான் தயார். அவரைப் பங்கண்ணை என்போம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். செயின்ட்-மிஷேலில் எங்கள் கோயிலைச் சேர்ந்த தமிழ்ப் பங்கில் அது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அந்தப் பட்டப்பெயர் கோயில் பங்கால் வந்ததா, சாப்பாட்டுப் பங்கால் வந்ததா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்துக்குள் ஒருமுறை வந்தால் அவர்களுக்கே விளங்கிவிடும்.

தையல் தொழிற்சாலையொன்றில் துணி வெட்டி இளைப்பாறியவர் அவர். தொழிற்சாலையை விட்டாலும் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவை விடவில்லை. மண்டபத்தில் கேக் வந்ததும் நாடா கழுத்தை விட்டு இறங்கும். நீளம் அளப்பார், அகலம் அளப்பார், வந்திருக்கும் தலைகளை எண்ணுவார், கண்ணை மூடி உதட்டுக்குள் கணக்குப் பார்ப்பார். பிறகு பல்குத்தும் குச்சிகளை வரிசையாக நட்டு எல்லை போடுவார். காணி அளக்க வந்த சர்வேயர்கூட அவ்வளவு பயபக்தியோடு குச்சி நட்டிருக்க மாட்டார். அதுவரை கோப்பி ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சிணுங்கிக்கொண்டிருப்பார்கள். கோப்பிப் பொறுப்பு என்னுடையது என்பதால் ஏச்சு முழுவதும் எனக்கு.

ஒருமுறை ஒரு சின்னப் பெண்ணின் பிறந்தநாள் கேக்கில் சீனியால் செய்த ரோசாப்பூக்கள் சில இருந்தன. அவர் நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பூவை ஆருக்கு வைக்கிறது, ஆருக்கு விடுறது? ஓரவஞ்சனை கூடாது, பிள்ளை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பூக்களைக் கத்தியால் வழித்தெடுத்து, மசித்து, எல்லாத் துண்டுகளிலும் ஒரே அளவாகப் பூசிவிட்டார். பிறந்தநாள்காரி குழறி அழுதாள். அவளுடைய தாய் அடுத்த இரண்டு ஞாயிறும் கோயிலுக்கு வரவில்லை.

ஊரிலிருந்து ஆயர் ஒருவர் வந்திருந்தபோதும் அப்படித்தான். ஆண்டகைக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டும்படி எங்கள் சுவாமியார் கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார், கடைசியில் காலால்கூடத் தட்டினார். பங்கண்ணை அசையவில்லை. ஆயருக்கும் பாடகர் குழுவின் கடைசிப் பையனுக்கும் ஒரே துண்டு. ஆயர் அதை ஒரே வாயில் போட்டுவிட்டு, தனக்கு இவ்வளவு சின்னத் துண்டு தந்த முதல் ஆள் இவர்தான் என்று சிரித்தார். அது பாராட்டு என்று பங்கண்ணை இன்றைக்கும் நம்புகிறார்.

நாங்கள் அவரைப் பகிடி பண்ணினோம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு, எல்லாம் முடிந்த நேரத்தில் மண்டபத்துக்கு ஓடிவருகிறவர்களுக்கு ஒரு தட்டு கடதாசியால் மூடி வைக்கப்பட்டிருக்கும். மற்றவர்களுக்குக் கிடைத்த அதே அளவு. ஒரு நூல் குறையாது.

இந்தக் குணம்தான் அவருடைய வீட்டை உடைத்தது.

அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ஜெனிற்றா தாதி. இளையவள் டிலானி படித்து முடித்து ஜப்பானில் கியோட்டோவுக்கு வேலைக்குப் போனவள். தாய் பிலோமினாக்கா நோயில் விழுந்தபோது, கடைசிவரை பக்கத்தில் இருந்து குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இரவில் எழும்பிப் பார்த்தவள் ஜெனிற்றாதான். அக்கா போய்ச் சேர்ந்தபின் அவருடைய உடுப்புகள், செபமாலைகள், சமையல் சட்டிகள் எல்லாவற்றையும் பங்கண்ணை இரண்டாகப் பிரித்தார். மிஞ்சியது அக்காவின் கழுத்துச் சங்கிலி. கலியாண நாளிலிருந்து அவர் கழற்றாத சங்கிலி.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, இரண்டு சின்னப் பெட்டிகளைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தார். நானும் அங்கே இருந்தேன். டிலானி திறந்து பார்த்து விம்மினாள். ஜெனிற்றா திறந்து, உள்ளே கிடந்த அரைச் சங்கிலியை விரலில் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மான்ர கழுத்தில கிடந்ததை வெட்டிப்போட்டியளோ, அப்பா?"

"சமனாத்தான் பிள்ளை. நகைக்கடையில நிறுத்துப் பார்த்துத்தான் வெட்டினது. வேணுமெண்டா நீயும் நிறுத்துப் பார்."

"டிலானிக்கே முழுசாக் குடுத்திருக்கலாமே! எனக்கு ஒண்டும் வேண்டாம். அம்மா போட்டிருந்தமாதிரி அது எங்கயாவது இருந்திருக்குமே!"

பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பிப் போனாள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. எங்கள் பங்குக்கும் வரவில்லை. கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்துப் போய்விட்டாள். மெட்ரோவில் ஏறினால் ஒரு மணித்தியாலமும் இல்லை. ஆனால் தகப்பனுக்கும் மகளுக்கும் இடையில் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லை.

பங்கண்ணைக்கு இது விளங்கவே இல்லை. அதுதான் பார்க்கச் சகிக்காத விஷயம். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைத்த தகப்பன் என்றால் பிள்ளை கோபிக்கலாம். இவர் இரண்டு கண்ணுக்கும் அளந்து வைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நான் ஓரவஞ்சனை செய்யேல்லையே, பிள்ளை?" என்று கேட்பார். "இல்லை அண்ணை" என்பேன். வேறு என்ன சொல்ல?

போன ஆனி மாதம் டிலானி டிக்கெட் அனுப்பி அவரை ஜப்பானுக்குக் கூப்பிட்டாள். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான். திரும்பி வரும்போது ஏற்றப் போனதும் நான்தான்.

அந்த வெயிலுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சேட்டும் அதன்மேல் ஒரு ஜக்கெட்டும் போட்டபடி அவர் வெளியே வந்தார். சூட்கேசுக்குள் உடுப்புக்கு இடமில்லையாம். முழுக்க இனிப்பாம். அதை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மறுகையில் ஒரு சின்னக் கடதாசிப் பையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். சுவாமியார் நற்கருணை கொண்டுவருவதுபோல இருந்தது.

"செயின்ட்-மிஷேலுக்குத்தானே, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. கோட்-டெ-நெய்ஜுக்கு விடு. கெதியா."

ஜெனிற்றா இருக்கிற பக்கம். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை இண்டைக்குள்ள சாப்பிட வேணுமாம். நாளைக்கெண்டா கூடாதாம்."

"எப்ப வாங்கினது?"

"இண்டைக்குக் காலமை."

"யப்பானிலயோ?"

"ஓம். அங்க இப்ப நாளைக்கு. இஞ்ச இன்னும் இண்டைக்குத்தான். அதுதான் கெதியா எண்டுறன்."

கெதியாகப் போகிற நகரமா இது? கோடை வந்தால் மொன்றியல் தெருக்களில் மரங்களைவிட, வீதி திருத்த வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகள்தான் அதிகம் முளைக்கும். நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய வழியை மூடியிருந்தார்கள். அடுத்த வழியையும் மூடியிருந்தார்கள். நான் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருக்க, அவர் கதை சொன்னார்.

கியோட்டோ ரயில் நிலையத்தில் இனிப்புக் கடைகளைப் பார்த்து அவர் அப்படியே நின்றுவிட்டாராம். பெட்டி பெட்டியாக இனிப்பு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே அளவுத் துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியே கடதாசி சுற்றி. பயணம் போகிறவர் வேலைத்தலத்தில் உள்ள எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொண்டுபோய்க் கொடுப்பது அங்கே வழக்கம் என்று டிலானி சொன்னாளாம்.

"பிள்ளை, அது முழுக்க என்னைப்போல ஆக்கள் இருக்கிற நாடு!" என்றார். அவர் அவ்வளவு பரவசமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கோயில் சனம் முழுவதற்கும் வாங்கினார். முக்கியமாக, சிவப்புப் பயற்றை அரைத்துக் கடற்பாசியில் இறுக்கிச் செங்கல்போல வார்த்த ஒரு இனிப்பு. நேர்கோடு, நேர்மூலை. அவருடைய நாடாவுக்கென்றே செய்ததுபோல.

"அப்ப இந்தப் பையில என்ன, அண்ணை?"

பையை மடியில் நிமிர்த்தி வைத்தார்.

"இண்டைக்கு வெளிக்கிட முதல் ஒரு பழைய கடைக்கு டிலானி கூட்டிக்கொண்டு போனவள். அங்க பெட்டி ஒண்டும் இல்லை. கண்ணாடிக்குள்ள ஒவ்வொரு இனிப்பும் ஒவ்வொரு பூமாதிரி. நீலமா ஒண்டு, மழை காலத்தில பூக்கிற பூவாம், அதில கடைசியா ஒண்டே ஒண்டுதான் கிடந்தது. ரெண்டு பிள்ளையளுக்கும் குடுக்க நினைச்சு, ரெண்டா வெட்டித் தரச்சொல்லிக் கையைக் காட்டினன். கடைப்பிள்ளை கோழிக்குஞ்சைப் பொத்துறமாதிரி ரெண்டு கையாலயும் பொத்திப்போட்டாள். கத்தி தரமாட்டாளாம்."

"ஏனாம்?"

"அது ஒராளுக்கெண்டு செய்தது, வெட்டினாப் பூ இல்லையாம். டிலானிதான் சொன்னவள். பேந்து அந்த ஒண்டை ஒரு பெட்டியில வைச்சு, கடதாசி சுத்தி, நூல் கட்டி, குனிஞ்சு கும்பிட்டுத் தந்தாள். ஒண்டுக்கு, பிள்ளை! ஒண்டுக்கு இவ்வளவு மரியாதை. டிலானி தனக்கும் வேற ஒண்டு எடுப்பம் எண்டாள். வேண்டாமெண்டிட்டன்."

இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூன்றாவது வழியால் இறங்கினேன். அந்தத் தெருவில் அந்தப் பக்கமாகப் போகலாமா கூடாதா என்று இப்போது யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

ஜெனிற்றா வேலைக்கு வெளிக்கிட்டபடி, தாதி உடுப்போடு கதவைத் திறந்தாள். தகப்பனைக் கண்டதும் கைப்பிடியில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன். ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"யப்பானால வாறன்" என்றார்.

"டிலானி சொன்னவள்."

"இது உனக்கு. இண்டைக்கே சாப்பிட வேணும்."

அவள் பையை வாங்கவில்லை. "எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்து மிஞ்சினதோ?"

"இல்லை. ஒண்டுதான் வாங்கினது."

"டிலானிக்கு?"

"கேட்டவள். வாங்கிக் குடுக்கேல்லை."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள், இது உண்மையா என்பதுபோல. நான் தலையாட்டினேன். அவள் பையை வாங்கி, நூலை அவிழ்த்து, பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு நீலப் பூ. கண்ணாடித் துண்டுகள்போலச் சின்னச் சின்னச் சதுரங்களால் செய்தது. ஒரு பக்கம் கொஞ்சம் நசிந்திருந்தது. கடல் தாண்டி, கூம்புகள் தாண்டி வந்ததல்லவா?

பங்கண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "வெட்டித்தரச் சொல்லித்தான் கேட்டனான். அந்தக் கடைப்பிள்ளை கத்தி தரமாட்டன் எண்டிட்டாள்." பிறகு இன்னும் மெல்லச் சொன்னார்: "நகைக்கடைக்காரனும் அப்பிடிச் சொல்லியிருக்கலாம்."

மேல்மாடியில் யாரோ வெங்காயம் பொரிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. ஜெனிற்றா வாசலிலேயே நின்றபடி அந்த இனிப்பை எடுத்து ஒரு கடி கடித்தாள். பிறகு இன்னொன்று. கண்ணால் தண்ணீர் ஓட ஓட, துடைக்காமல், மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். தகப்பனுக்கு நீட்டவில்லை. எனக்கு ஒரு கிள்ளுக்கூடத் தரவில்லை. எங்கள் ஆட்களில் வாசலில் நிற்கிறவர்களுக்கு நீட்டாமல் யாராவது சாப்பிடுவார்களா? அவள் சாப்பிட்டாள். முழுவதையும். கடைசித் துண்டு வாய்க்குள் போகும்வரை பங்கண்ணை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பிலோமினாக்கா போனபின் அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை.

"பயத்தம் பணியாரம்மாதிரி இருக்கு" என்றாள் ஜெனிற்றா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நான் தின்னேல்லை. எனக்குத் தெரியாது."

"என்னத்துக்கு ரெண்டு சேட்டுப் போட்டிருக்கிறியள்?"

"சூட்கேசில இடமில்லை."

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று படிக்கட்டிலிருந்து சரியாகத் தெரியவில்லை. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. வேலைக்குப் போக இன்னும் நேரமிருக்கு" என்றாள். என்னையும் கூப்பிட்டாள். காரைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் அந்தப் பயற்றுச் செங்கற்களை அளந்து வெட்டினார். சனம் வாயில் போட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சீனி காணாது என்றார்கள் சிலர். ஜெனிற்றா வரவில்லை. கோயிலுக்கு அவள் இன்னும் வருவதில்லை. சங்கிலியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை என்றுதான் கேள்வி. வெட்டியதை ஒட்ட முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆனால் புதன்கிழமைகளில் அவளுக்கு லீவு. அன்று மத்தியானம் அவர் அவள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். பஸ் தரிப்பிடம் எங்கள் வீட்டுக்கு முன்னால். இந்தக் குளிரில் பஸ் பிந்தினால் அவர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, கால் மாற்றிக் கால் வைத்து நிற்பார். பஸ் வராவிட்டால் ஏற்றிப்போகக் கார்ச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் ஏறிப் போய்விட்டார் என்று ஜன்னலால் பார்த்த பிறகுதான் நான் அடுப்பை மூட்டுகிறேன்.