ராஜமாணிக்கம் குடும்ப வெளியீடு

அந்தமானில் விதிகளை மதித்தவர்களின் பட்டியல் என்றாவது தயாரானால், போர்ட் பிளேர் கடைவீதி ராஜமாணிக்கத்தின் பெயர் முதல் வரியில் இருக்கும். இரண்டாம் வரிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

1962-இல் மெட்ராஸ் சங்கம் ஒன்று, குடியேறியவர்களுக்காக ஒரு பழைய வைத்திய நூலை அச்சிட்டுக் கப்பலில் அனுப்பியது. எழுதியவர் இறந்து முந்நூறு வருடம். நூல் யாருக்கும் சொந்தமில்லை. கேட்டவர்க்கெல்லாம் இலவசம். ராஜமாணிக்கம் நூறு பிரதி கேட்டார். முதல் தாளில் சங்கத்தின் பெயரோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: 'விற்க விரும்புவோர் சங்கத்தின் பெயரை நீக்கிவிட்டு விற்கலாம்.'

"ஓசில வந்ததை விக்கப் போறீங்களா? நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி நீலாவதி.

"பேரை நீக்காம வித்தாத்தான்டி நம்ம பரம்பரைக்கு இழுக்கு."

ஸ்கேல் வைத்து, பிளேடால், நூறு பிரதியிலும் முதல் தாளை அறுத்தெடுத்தார். பிறகு அட்டையில் ரப்பர் ஸ்டாம்பு குத்தினார்: 'ராஜமாணிக்கம் குடும்ப வெளியீடு.' அதன் கீழே, 'விலை ரூ. 1.' மூன்று தலைமுறைக் கௌரவம் நூறு இடங்களில் பதிந்தது. அறுபது பிரதிகள் விற்றன.

அடுத்த கப்பலில் சங்கச் செயலாளர் சிவஞானம் 'பரிசோதனை'க்கு வந்தார். பூதக்கண்ணாடியால் பக்கம் பக்கமாகத் தேடினார்.

"எங்க பேரு எங்கயுமே இல்ல. மெயின்லேண்ட்ல கூட இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்ல சார்!"

ராஜமாணிக்கத்தின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து, பெரார்கஞ்ச் விவசாயி ஜெகநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அண்ணாச்சி, உங்க புஸ்தகத்தைப் பார்த்து மூட்டுவலிக்குத் தைலம் காய்ச்சிக் குடிச்சேன். மூணு நாளா பேட் கராப், வயித்தால போகுது! பக்கத்து வீட்டு பெங்காலி தாதா, அந்தப் பெரியவரும் படுத்துட்டாரு."

"தைலத்தைக் குடிச்சியா? எவன் குடிக்கச் சொன்னான்?"

"குடிக்கக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

சிவஞானம் தொண்டையைச் செருமினார். "போட்டிருந்தோமே. 'அனைத்தும் மேலே பூசுவதற்கு மட்டும்'னு. முதல் தாளோட பின்பக்கத்துல."

"அப்போ நான் யார் மேல ரிப்போர்ட் கொடுக்கிறது?"

"எழுதினவர் காலமாயிட்டாரு," என்றார் ராஜமாணிக்கம்.

"எங்க பேரு அதுல இல்ல," என்றார் சிவஞானம் அவசரமாக.

ஜெகநாதன் அட்டையை எழுத்துக் கூட்டினான். "ரா... ஜ... மா... இதோ இருக்கே ஒரு பேரு! நேரா போலீஸ் தாணாவுக்கே போறேன்."

பரம்பரைப் பெயர் போலீஸ் படியேறுவதா? ராஜமாணிக்கம் பதறவில்லை. "அதைக் கொஞ்சம் இப்படிக் கொடுப்பா," என்று வாங்கினார். பிளேடை எடுத்தார். அட்டையில் சன்னல் போல் ஒரு சதுரம் விழுந்தது.

"ம், இப்போ போ."

மீதி நாற்பதுக்கும் அதே மரியாதை நடந்தது. மறுநாள் அவை விற்பனைக்கு வந்தன. எழுதியவர் இல்லை, அச்சிட்டவர் இல்லை, விற்பவரும் இல்லை. விலை மட்டும் அட்டையில் பத்திரமாக இருந்தது.