பாலாற்று மணலில் ஓர் ஊட்டி

கையில் இருப்பது நன்றாக இருக்கும்போதே 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கிறவர்களிடம் யாரும் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், அந்த ரகத்தில் முதல் ஆள் நானே. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்ன பிறகும் இன்னொரு சிட்டிகை போடுவேன். கட்டிய புடவையை நாலு தடவை அவிழ்த்துக் கட்டி பஸ்ஸை விடுவேன். ஒரு வருஷம் போகி அன்று, வானத்திலிருந்து இறங்கிய பனியையும் நான் விட்டுவைக்கவில்லை.

அதற்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். தையல் கோணலாக இருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டும். (நான் ஒட்டிய வேகத்தைப் பார்த்து ஸ்டிக்கர் ரோலை ஒளித்துவைத்த சூப்பர்வைசரும் உண்டு.) அதே கம்பெனியில் அம்மா தையல் மெஷினில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். திடீரென்று ஒருநாள் நான் வேலையை விட்டுவிட்டு, கல்யாணப் படம் எடுக்கப் போகிறேன் என்று ஒரு கேமராவோடு வந்து நின்றேன். அம்மா கத்தவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"பொங்கல் வரைக்கும் உன் சீட்டுக்கு ஆள் போட வாணாம்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டுக்கினு வந்துட்டேன். அதுக்குள்ள ஒரே ஒரு ஆர்டர் ஒழுங்கா முடிச்சுக் காட்டு. இல்லன்னா பண்டிகை முடிஞ்சதும் வாய மூடிக்கினு என்கூட பஸ் ஏறு."

"ஒண்ணு இன்னாம்மா, பத்து முடிச்சுக் காட்டறேன்" என்றேன்.

பத்து வரவில்லை. ஒன்றுதான் வந்தது, அதுவும் மார்கழி முடியப் போகிற சமயத்தில். மாப்பிள்ளை சதீஷ் இன்னொரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்த்தார். பெண் பிரியா வேலூரில் ஒரு பேங்கில் இருந்தாள். தை மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ள ஊட்டிக்குப் போவதாக இருந்தார்கள். சதீஷுக்குக் கப்பலில் சரக்கு ஏற்றுகிற நெருக்கடியில் லீவு கிடைக்கவில்லை. பிரியா முகம் வாடிப்போய் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஒண்ணும் வாணாம்க்கா. பனிக்குள்ள இருந்து நாங்க ரெண்டு பேரும் கை கோத்துக்கினு நடந்து வரணும். அந்த ஒரு படம் போதும்."

"அதுக்கு இன்னாத்துக்கு ஊட்டி? போகி அன்னிக்குக் காலைல பாலாத்துக்கு வாங்க. ஊட்டியே தோத்துடும்" என்று சொன்னது நான்தான்.

நான் சும்மா அளக்கவில்லை. என் பெரியம்மா ஒடுகத்தூரில் இருக்கிறாள். மலையடிவாரம். அங்கேயும் மார்கழியில் பனி இறங்கும், ஆனால் வேர்க்கடலைக் கொல்லையில் வெயில் பட்டதும் போய்விடும். ஆம்பூரிலோ, காலை ஷிப்டுக்கு பஸ்ஸில் போகும்போது பார்த்த பனி, கம்பெனியில் டீ வருகிற நேரத்திலும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். போகி அன்று கேட்கவே வேண்டாம். இது ஏன் என்று என் பள்ளித் தோழி பர்வீனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர்.

"காத்துல இருக்கிற ஈரம் தானா துளி ஆவாதுடி" என்றாள் பர்வீன். "அது ஒட்டிக்க ஒரு தூசு வேணும். ஒடுகத்தூர்ல தூசு கம்மி. இங்க வண்டிப் புகை, பாய்லர் புகை, குப்ப கொளுத்தற புகைன்னு எல்லாம் ஜாஸ்தி. இருக்கிற ஈரம் அத்தன தூசு மேலயும் பங்கு போட்டு ஒக்காந்துக்கும். அப்போ துளி ரொம்பச் சின்னதாயிடும். பெரிய துளின்னா கீழ எறங்கிடும். சின்னது எறங்காது, மெதந்துக்கினே கெடக்கும். மேல நிக்கிற புகை வெயிலையும் உள்ள வுடாது. தரை சூடானாதானே பனி கலையும்?"

"அப்போ புகை ஜாஸ்தியானா பனி ஜாஸ்தி நேரம் நிக்கும். அப்பிடித்தானே?"

"நிக்கும். ஆனா அது..."

"போதும் தோஸ்த்" என்று போனை வைத்துவிட்டேன். (அந்த 'ஆனா'வுக்கு அடுத்த வார்த்தையைக் கேட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.)

ஊர் கொளுத்துகிற புகை போதாமல் போனால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற வீடு ஒன்று இருந்தது. அங்கே வெட்டிப் போட்ட தோல் துண்டுகளை ஒரு சாக்கு நிறைய வாங்கினேன். கூடவே எங்கள் வீட்டுப் பழைய கோரைப்பாய். விடியாத நேரத்தில் வயதுப் பெண் தனியாக ஆற்றுக்குப் போவதா என்று அம்மாவும் கிளம்பினாள். சரி, வருகிறவள் சும்மா ஏன் வர வேண்டும் என்று வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுகிற வெள்ளித் தட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

போகி விடிந்தபோது நாங்கள் பாலாற்று மணலில் நின்றிருந்தோம். எங்களைக் கூட்டி வந்த ஆட்டோக்கார அண்ணன் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே தூங்கப் போய்விட்டார். மணலுக்கு மேல் இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பனி. ஊருக்குள் அப்போதுதான் ஒவ்வொரு தெருவாக நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை கவுனில் பிரியா நின்ற அழகைப் பார்த்து அம்மாவே தட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எடுடி. இதுக்கு மேல இன்னா வேணும்?"

நான் கேமராவில் பார்த்தேன். வலது மூலையில், பனியைத் தாண்டி ஒரு கரண்ட் கம்பம் லேசாகத் தெரிந்தது. என் தரம் பார்க்கும் கண்ணுக்கு அது போதும்.

"போதாதும்மா. கம்பம் தெரியுது. இன்னும் கொஞ்சம் திக்கா வரணும்."

"கம்பம் எங்கடி தெரியுது? எனக்குத் தெரியலியே."

"உனக்குத் தெரியாது. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பாயை விரித்து அதன்மேல் சாக்கைக் கவிழ்த்து நெருப்பு வைத்தேன்.

காற்று சுத்தமாக இல்லை. புகை ஆள் உயரம் வரை எழும்பியது, அதற்கு மேல் ஏறாமல் தட்டையாகப் பரவி எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. ஊர்ப் புகையும் வந்து சேர்ந்துகொண்டது. கம்பம் மறைந்தது. நான் கட்டைவிரலை உயர்த்தி அம்மாவிடம் காட்டினேன். பிறகு கரையும் மறைந்தது. பிறகு என் கட்டைவிரலே மறைந்தது. தோல் எரிகிற நாற்றம் தெரியுமா? தலைமுடி கருகுகிற நாற்றம்தான், ஆனால் ஒரு சாக்கு நிறைய. சதீஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், ஊட்டியில இந்த வாசனை வருமா?"

"படத்துல வாசனை வராது சார். நீங்க ரெண்டு பேரும் அந்த நாணல் வரைக்கும் போய், நான் குரல் குடுத்ததும் கை கோத்துக்கினு நடந்து வாங்க."

போனார்கள். வெயில் வருகிற நேரம் ஆனது. சூரியன் கருகிய அப்பளம் மாதிரி ஒரு தடவை தலை காட்டிவிட்டு அதோடு காணாமல் போனது. கேமரா எதைப் பார்ப்பது என்று புரியாமல் முன்னும் பின்னும் உறுமிக்கொண்டே இருந்தது. 'வாங்க' என்று கத்தினேன். 'எங்க?' என்று ஒரு குரல் இடது பக்கம் கேட்டது. 'இன்னாடி?' என்று அம்மாவின் குரல் எங்கேயோ கேட்டது. நான் அசரவில்லை. கால் போன பக்கமெல்லாம் புகை, கண்ணெல்லாம் எரிச்சல், ஆனாலும் அந்தப் படத்தை எடுக்காமல் போவதில்லை என்று மணலில் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது அவர்கள் வந்தார்கள். சாம்பல் நிறத் திரைக்குள்ளிருந்து இரண்டு உருவங்கள், கை கோத்து, மெதுவாக. பெண்ணின் தலைக்குப் பின்னால் வட்டமாக ஓர் ஒளி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அழுதுகொண்டே படமாகத் தட்டித் தள்ளினேன். (பாதி ஆனந்தம், பாதி தோல் புகை.) இனி அந்த மேசைப் பக்கமே போக வேண்டாம், ஜெயித்துவிட்டேன் என்று மனசுக்குள் கொட்டு கொட்டிக்கொண்டிருந்தபோது அந்த உருவம் பேசியது.

"தம்பி, இப்போவாவது கைய வுடுங்க. நான் பொண்ணு இல்ல. படம் எடுக்கறவளோட அம்மா."

சதீஷ் குனிந்து கையைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். தலைக்குப் பின்னால் இருந்த ஒளி, அம்மா தூக்கிப் பிடித்திருந்த வெள்ளித் தட்டி.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி?"

"வாயத் தொறந்தா புகைதான் உள்ள போவுது. நான் எங்க சொல்றது?"

"அப்போ பிரியா எங்க?"

நாணல் இருந்த பக்கம் ஓர் இருமல் கேட்டது. தொடர்ந்து கேட்டது, நிற்கவில்லை. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு என்று சதீஷ் சொன்னார். கேமராவை மணலில் போட்டுவிட்டு இருமல் வந்த பக்கம் ஓடினேன். ஒரு குழியில் விழுந்து எழுந்தேன். பிரியா மணலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில் எனக்குப் படமும் வேண்டாம், ஆர்டரும் வேண்டாம் என்று இருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்ற ஒரே நினைப்புதான்.

மூச்சுக்கு அடிக்கிற மருந்து ஆட்டோவில் பையில் இருந்தது. ஆட்டோ எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கம்பெனியில் நூறு மெஷின் ஓடும்போதும் எதிர் வரிசைக்குக் கேட்கிற அவள் குரலை எடுத்தாள்.

"அண்ணே, ஹாரன் அடிங்க. அடிச்சிக்கினே இருங்க."

ஹாரன் கேட்டது. பிரியாவை நானும் சதீஷும் தாங்கிக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பார்த்தே நடந்தோம். மருந்து உள்ளே போய், ஆட்டோ ஹெட்லைட்டோடு ஊர்ந்து ஒரு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, டாக்டர் பார்த்து பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் நான் மூச்சு விட்டேன். வெள்ளை கவுன் பழைய திரைச்சீலை நிறத்துக்கு வந்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், எனக்கே இருமல் வந்துவிட்டது.

மத்தியானம் வரை அந்த மூட்டம் கலையவில்லை. நான் விரும்பியபடியே நின்றது, நான் போ என்றபோது போகவில்லை. பர்வீனுக்குப் போன் போட்டு அந்த 'ஆனா'வுக்கு அடுத்தது என்ன என்று கேட்டேன்.

"ஆனா அது பனி இல்லடி, ஈரமான புகை. மூச்சு வுட லாயக்கில்ல, வெள்ளையாவும் இருக்காது. அதத்தான் சொல்ல வந்தேன். நீதான் பேஜார் புடிச்ச மாதிரி கட் பண்ணிட்ட."

நான் விடுகிற ஜாதி இல்லை. பிரியா வீட்டு வாசலில் போய் நின்று, கைக்காசு போட்டு இன்னொரு கவுன் வாடகைக்கு எடுக்கிறேன், புகையே இல்லாத இடத்தில் எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவள் என் கைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நெருப்புப் பெட்டி கொண்டு வர மாட்டீங்களேக்கா?"

காணும் பொங்கல் விடியலில் ஒடுகத்தூருக்குப் போனோம். மலையடியில் லேசாக, சுத்தமாகப் பனி. மூலையில் ஒரு கம்பம் தெரிந்தது, ஒரு மாடும் தெரிந்தது. நான் ஒன்றையும் ஒதுக்கவில்லை, கிடைத்ததை அப்படியே எடுத்தேன். வேர்க்கடலைக் கொல்லையில் வெயில் பட்டதும் பனி போய்விட்டது. அதற்குள் பிரியா கேட்ட படம் கேமராவில் விழுந்துவிட்டது. சதீஷ் அவள் கையை அன்று பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"சூப்பர்வைசருக்குப் போன் பண்ணிட்டேன். நீ வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "படம் அவ்ளோ நல்லா வந்திருக்காம்மா?"

"படத்த யாரு பாத்தா? அன்னிக்குப் பாலாத்துல அவ்ளோ நல்ல பனி எறங்கியிருந்துச்சு. அதையே ரிஜெக்ட் பண்ணவ நீ. உன்னத் திரும்ப அந்த மேசைல ஒக்கார வெச்சா கம்பெனிய மூடிடுவாங்க. எனக்கு இன்னும் அங்க சர்வீஸ் இருக்கு."

அன்றிலிருந்து நான் கேமராதான். அவர்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒடுகத்தூர் படம் இல்லை. பிரியா பிடிவாதமாக, தன் மாப்பிள்ளையும் என் அம்மாவும் கை கோத்து வருகிற படத்தைப் போடச் சொன்னாள். அவர்களுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. ஒவ்வொரு போகிக்கும் காலையில் சதீஷ் எனக்குப் போன் செய்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்பார்.

"மேடம், என் மொத சம்சாரம் நல்லா இருக்காங்களா?"

அம்மா போனைப் பிடுங்குவாள். எங்கள் வீட்டில் போகிக்கு இப்போது எதையும் கொளுத்துவதில்லை. நான் வழக்கத்தை நிறுத்திவிட்ட கோபம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு.

"நல்லாதான் இருக்கேன் தம்பி. வெளிய புகையா கெடக்குது. பக்கத்துல நிக்கறது யாருன்னு பாத்துட்டுக் கையப் புடிங்க."