திருத்திய சம்பளத் தாளும் நானூறு பத்திரிகையும்

அருப்புக்கோட்டை,
6-8-1972

மதுரையில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ஜோதிலிங்கம் அவர்களுக்கு பாலையா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை லிங்கம்மாளும் எங்கள் மகள், உங்கள் மருமகள் சௌடேஸ்வரியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க அம்மன் துணை. சௌக்கியம் இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

ஜூன் மாதம் நீங்கள் எனக்காக எழுதிக் கொடுத்த வருமான வரி ரிட்டர்ன் ஞாபகம் இருக்கும். மில்லில் கொடுத்த சம்பளச் சான்றிதழில் வருடத்துக்கு ரூ. 6,480 என்று இருந்தது, ஐயாயிரத்துக்கு மேல் போனதால் ரூ. 162.80 கட்ட வேண்டும் என்றீர்கள், நானும் உங்கள் தங்கையின் இரண்டு வளையலை அடகு வைத்து பேங்கில் சலான் கட்டினேன். போன செவ்வாய்க்கிழமை சம்பளக் கிளார்க் சீனிச்சாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறொரு தாளை நீட்டினார். அதில் ரூ. 4,870 என்று இருந்தது. மேலே சிவப்பு மையில் 'திருத்தப்பட்டது, முந்தையது செல்லாது' என்று எழுதி மானேஜர் கையெழுத்தும் இருந்தது. நடந்தது இதுதான். என் சித்தப்பா மகன் பாலையாவும் அதே மில்லில் பிட்டராக இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் வழக்கப்படி அப்பாவும் சித்தப்பாவும் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள். அப்பா வீரண்ணன், சித்தப்பா வீரபத்திரன் என்பதால் இனிஷியலும் ஒன்றுதான். தறி ஓடுகிற வீட்டில் பெரிய பாலையா, சின்ன பாலையா என்று கூப்பிட்டால் போதும். மில் பேரேட்டில் பெரிது சின்னது கிடையாது. அவன் ஓவர்டைம் பூராவும் என் தாளில் ஏறிவிட்டது.

மாதம் நானூறு சொச்சம் வாங்குகிறவனுக்கு வருடத்தில் ஆறாயிரத்து நானூற்று எண்பது எப்படி வரும் என்று நீ யோசிக்க வேண்டாமா என்பீர்கள். யோசிக்கவில்லை. மில்லில் வருகிறவன் போகிறவன் நேரத்தையெல்லாம் குறிக்கிற டைம் கீப்பர் நான், என் சம்பளக் கவரை மட்டும் பிரிக்காமல் வீட்டில் கொடுத்துவிடுவேன். தாளில் மில் முத்திரை இருந்தது. பஞ்சப்படியும் போனஸும் சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தொகையைப் பார்த்ததும் சந்தோஷமாகவும் இருந்தது.

சந்தோஷம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். சலானை மடித்து வைக்காமல் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். திருச்சுழி ரோட்டில் நாலு விசைத்தறி வைத்திருக்கும் சௌடப்பன் தன் மகனுக்கு நம் சௌடேஸ்வரியைப் பேசி முடிக்க வந்தவர், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சலானையே பார்த்தார்.

"ஏங்க, நீங்க இன்கம்டாக்ஸ் கட்டுறவுகளா?" என்றார்.

"ஏதோ நம்மளால ஆனது" என்றேன்.

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, ஆவணி 22 நல்ல நாள் என்று ஒப்புக்கொண்டு, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். மரியாதை கூடிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் தெருவில் மிராசு கிடையாது, பட்டதாரி கிடையாது, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் போட என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்து, 'வருமான வரி செலுத்துபவர் திரு. வீ. பாலையா' என்று போட்டு நானூறு பத்திரிகை அடித்துவிட்டேன். முதல் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டில்தான் கொடுத்தேன். வாங்கிப் படித்தார், மறுபடியும் படித்தார்.

இப்போது சீனிச்சாமி சொல்கிறார், திருத்திய தாளை வைத்துத் திருத்திய ரிட்டர்ன் ஒன்று கொடுத்தால் கட்டின பணம் திரும்பி வரும் என்று. உங்கள் தங்கைக்கு என்மேல் கோபம் என்றால் நம் வீட்டுப் பேச்சான கன்னடத்தில் ஏசுவாள், உங்கள்மேல் கோபம் என்றால் தமிழில் ஏசுவாள். அன்றைக்கு இரண்டும் நடந்தது. "மதுரைல ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கிற அண்ணன் ஒருத்தர், மில்லுல இருக்கிற புருஷன் ஒருத்தர், ரெண்டு பேரும் சேந்து ஒரு கூட்டல் பாக்கத் தெரியாம என் வளையலை வச்சுட்டீக" என்றாள். உடனே மதுரை பஸ்ஸைப் பிடி என்கிறாள். சின்ன பாலையாவைப் போய்ப் பார்த்து, வரி கட்ட வேண்டியவன் நீதானடா என்றேன். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, தாத்தா பேருக்குத்தான கட்டியிருக்கு. நீங்க கட்டினா என்ன, நான் கட்டினா என்ன" என்றான்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இரண்டு இடம் பார்த்துவிட்டுப் போய் நின்றுபோன பிள்ளை. மூன்றாவதும் நின்றால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. வரி கட்டுகிற வீடு என்று நம்பித்தான் சௌடப்பன் தேதி குறித்தார், அதே வாயால் வரி கட்டாதவன் என்று எப்படிச் சொல்வேன். ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். தாலி ஏறும்வரை திருத்திய ரிட்டர்ன் பேச்சையே எடுக்காதீர்கள். உங்கள் தங்கை கடிதம் போட்டாலும் பதில் எழுதாதீர்கள். யார் கேட்டாலும் நான் வரி கட்டினவன், கட்டுகிறவன். பணம் சர்க்காரிடமே பத்திரமாக இருக்கட்டும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஆடிட்டர் ஐயாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும், காரணம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
வருமான வரி செலுத்துபவர்
வீ. பாலையா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது சௌடப்பன் வந்துவிட்டார். திண்டாடித் திண்டாடிப் பேசினார். "உங்க வீட்டுக்கு இன்கம்டாக்ஸ் ஆபீசர் வருவாக. சம்பந்தி வீடு எங்கன்னு கேப்பாக. என் பின்கட்டுல ரெண்டு தறி பெர்மிட் இல்லாம ஓடுது. தேதி குடுத்த நாள்லருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றார். நான் உள்ளே ஓடிப்போய்த் திருத்திய தாளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, நான் வரி கட்ட வேண்டியவனே இல்லை, தெரியாமல் கட்டிவிட்டேன் என்றேன். சிவப்பு மையை இரண்டு தடவை படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை காப்பியை முழுசாகக் குடித்தார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ரிட்டர்னை இன்றைக்கே எழுதுங்கள். பத்திரிகை வேறு அடிக்கிறோம், வெறும் பாலையா போதும். ஒரே சங்கடம், "ஆபீசர் வந்தா காட்டணும், இத தாலி கட்டினப்புறம் தாம்பூலத்தோட தாரேன்" என்று சொல்லி அந்தத் தாளை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அது இல்லாமல் ரிட்டர்ன் எடுக்க மாட்டார்கள் என்று சீனிச்சாமி சொல்கிறார். ஆகவே கல்யாணத்துக்கு வரும்போது உங்கள் தங்கைக்குப் போட்டுக்கொள்ள அக்காவின் வளையலில் ஒரு ஜோடி கொண்டு வரவும்.